செண்பகவல்லி பென்சிலால் போட்ட எண்கள்

வாகைநேரியில் புரட்டாசி மாதத்துக் கடைசிப் புதன்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள சங்கரபாண்டியின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பந்தல்காரர் பலவேசம், “அடப்பாவி, வேட்டி போச்சே!” என்று கத்தினார், கத்திவிட்டு எழுந்து குதித்தார், குதித்தபின் தொடையைத் துண்டால் துடைத்தார், துடைத்து முடித்தபின் அவருக்குத் தொடை எரிந்தது, எரிந்து அடங்கி, சுற்றியிருந்தவர்கள் எல்லாம் இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, சங்கரபாண்டியின் கை தவறி டீ அவர் தொடையில் கொட்டியது. கொட்டிய டீயைப் பலவேசம் குனிந்து பார்த்தார். அதற்குச் செய்யவேண்டியதை எல்லாம் ஏற்கெனவே செய்துவிட்டிருந்ததால், மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், “இன்னொரு டீ போடும்வே,” என்றார்.

அன்று மதியத்துக்குள் ஊர் முழுக்க இப்படி ஆகிவிட்டது. முதலில் பேச்சு வந்தது, பிறகு கைகால் அசைந்தது, அதன்பிறகு உடம்பு வியர்த்தோ நடுங்கியோ ஓய்ந்தது, அதற்கும் பிறகு மனத்துக்குள் அதற்குரிய உணர்ச்சி எட்டிப்பார்த்தது, எல்லாம் முடிந்தபின் காரணம் வந்து சேர்ந்தது. இதைக் குழப்பம் என்று சொன்னவர்கள் சரியாகக் கவனிக்காதவர்கள். குழப்பத்தில் எது முன், எது பின் என்று சொல்லமுடியாது, இங்கேயோ துல்லியமாகச் சொல்ல முடிந்தது. ஒழுங்கு கெடவில்லை, திரும்பி நின்றுகொண்டது, அவ்வளவுதான். விஷயம் சிறியதென்றால் இடைவெளி ஒரு மூச்சு நேரம். பெரியதென்றால் அரை நாள், ஒரு நாள், நான்கு நாள். லாரியின் ஹாரன் சைக்கிள் மணியைவிடத் தொலைவிலேயே கேட்பதைப் போல. எதுவானாலும் காரணம் மட்டும் வராமல் இருந்ததே இல்லை. நான்காம் வீட்டு உலகம்மாள் ஒருநாள் காலையில் “ஐயோ, நாய்!” என்று அலறிக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, புத்திசாலித்தனமாக வீட்டுக்குள் புகுந்து கதவைத் தாழிட்டு, இனி எந்த நாய் வரும் பார்ப்போம் என்று கட்டிலில் உட்கார்ந்தாள். நாய் கட்டிலுக்கு அடியில்தான் படுத்திருந்தது.

முதல் மூன்று நாள் மக்கள் பயந்தார்கள், நான்காம் நாள் அலுத்துக்கொண்டார்கள், ஒரு வாரத்தில் அதை வைத்துப் பிழைக்கக் கற்றுக்கொண்டார்கள். எந்த அதிசயத்துக்கும் ஊரார் கொடுக்கும் தவணை அவ்வளவுதான். டீக்கடையில் நான்கு பேர் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தால், சங்கரபாண்டி ஆற்றிக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு, “சிரிச்சாச்சுல்லா, எவன் சொல்லப்போறான், சீக்கிரம் சொல்லித் தொலைங்கலே,” என்பார். யாராவது ஒருவர் எழுந்து, அந்தச் சிரிப்புக்கு ஈடான ஒன்றைத் தேடிச் சொல்வார். சொன்னதற்கு யாரும் சிரிக்கமாட்டார்கள், அதில் அவருக்கு மனவருத்தமும் இல்லை. பெண் பார்க்கப் போன உள்ளூர் மாப்பிள்ளை, பெண் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்த உடனேயே “எனக்குப் பிடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு, யாரை என்று தெரியாமல் பஜ்ஜி வரும்வரை தவித்தார். தெருச் சண்டைகளில் பதில் முதலில் வந்துவிட்டதால், கேள்வி கேட்கவேண்டியவர் அதைக் கேட்டு முடிக்கும்போது இரு தரப்பும் களைத்துப்போய் மோர் குடித்துக்கொண்டிருந்தன. பலவேசத்துக்குத்தான் தொழில் மிகவும் எளிதாயிற்று. எந்த வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்கிறதோ அந்த வீட்டு வாசலில் மூங்கிலை இறக்கிவிடுவார்; துஷ்டி பின்னால் நிதானமாக வந்துகொள்ளும். முன்பெல்லாம் பந்தலுக்கு அலைந்த ஊரில் இப்போது பந்தல் தயாராக இருந்து பிணத்துக்குக் காத்திருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு மூன்று காரணங்கள் சொன்னார்கள். முந்தின நாள் வெடித்த டிரான்ஸ்பார்மர் என்று மின்வாரியத்தைப் பிடிக்காதவர்கள் சொன்னார்கள். குளத்துக்குள் பிளாட் போட்டதால் சாஸ்தா கோபித்துக்கொண்டார் என்று பிளாட் வாங்க முடியாதவர்கள் சொன்னார்கள். ஆனால் ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்கள் ஒருமனதாகச் சொன்ன காரணம், ஜெராக்ஸ் கடை ஆறுமுகநயினார்.

ஆறுமுகநயினார் ஒரு வாரப் பத்திரிகையில் பதினோரு ஆண்டுகளாகத் தொடர்கதை எழுதிவந்தார். ஒன்று முடிந்தால் அடுத்த வாரமே இன்னொன்று. பழுதான ஜெராக்ஸ் தாள்களை நான்காகக் கிழித்து, பின்பக்கத்தில், ஒரு துண்டில் வசனம், ஒரு துண்டில் கைகால் செய்வது, ஒரு துண்டில் உடம்பு படுவது, ஒரு துண்டில் மனநிலை, ஒரு துண்டில் நடந்த சம்பவம் என்று தனித்தனியாக எழுதி, கடைசியில் கிளிப் போட்டு அடுக்குவது அவர் வழக்கம். வசனம்தான் அவருக்கு ஊற்றெடுத்து வரும்; எனவே வசனத் துண்டு எப்போதும் மேலே இருக்கும். அவர் கதாநாயகிகள் முதலில் “வீல்” என்று அலறுவார்கள், பிறகு கையிலிருந்த தட்டைப் போடுவார்கள், பிறகு ஏன் என்று பார்ப்பார்கள். இதைப் பதினோரு ஆண்டுகளாகக் கண்டித்துவந்த ஒரே வாசகி அவர் மனைவி செண்பகவல்லி.

“சத்தம் கேட்டாத்தானே திரும்புவா? நீங்க அவளைத் திருப்பி நிப்பாட்டிட்டு அப்புறமா சத்தத்தைப் போடுதீங்க. ஊர்ல எவளாவது அப்படிச் செய்வாளா?” என்பாள்.

“சரி,” என்பார் ஆறுமுகநயினார். எல்லாவற்றுக்கும் அவர் சொல்லும் பதில் அது. சொல்லிவிட்டு அடுத்த வாரமும் அப்படியே எழுதுவார்.

அந்தக் கடைசிப் புதன்கிழமை இதழுக்கான துண்டுகள் மின்விசிறிக் காற்றில் பறந்ததும், அவர் பொறுக்கி அடுக்கும்போது உலகில் நடப்பதற்கு முழுதும் தலைகீழாக அடுக்கியதும், பத்திரிகை அலுவலகத்தில் அதை யாரும் கவனிக்காமல் அச்சேற்றியதும் உண்மை. கவனிக்காததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. வழக்கமான அத்தியாயத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாகைநேரியில் அந்த இதழ் நூற்றுப்பத்துப் பிரதிகள் விற்கும். ஒரு பிரதியை ஒன்பது பேர் படிப்பார்கள்.

உலகம்மாள் நாய்க்கடிக் கட்டோடு ஜெராக்ஸ் கடைக்கு வந்து நின்றாள். “அண்ணாச்சி, நீங்க எழுதினதுதான் எங்க தலையில விடிஞ்சிருக்கு. நீங்களே மாத்தி எழுதிருங்க.”

“சரி,” என்றார் அவர்.

எழுத உட்கார்ந்தார். நடந்தது முதலில், மனம் அடுத்து, உடம்பு அதற்கடுத்து, கை, கடைசியில் வாய் என்று ஐந்து துண்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். முதல் துண்டில் எழுதுவதற்கு ஒன்றும் தோன்றவில்லை. ஐந்தாம் துண்டில் கை தானாகப் போய் “ஐயோ, என் தெய்வமே!” என்று எழுதிவிட்டது. பதினோரு ஆண்டுப் பழக்கம். அந்த வாரமும் அடுத்த வாரமும் முன்போலவே எழுதி அனுப்பினார், ஊரும் முன்போலவே பின்னால் நடந்தது.

இதற்கிடையில் அவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. நான்கு மாதமாக இருந்தது. வலிக்கவில்லை என்பதால் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. வலிக்கவில்லை என்பதாலேயே செண்பகவல்லி பயந்தாள், ஏனென்றால் அவள் அப்பாவுக்கு வந்ததும் வலிக்காத கட்டிதான். ஐப்பசி பாதியில் திருநெல்வேலிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் தொட்டுப் பார்த்தார், மறுபடி தொட்டுப் பார்த்தார், கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு ஒரு வாரம் கழித்துத் திங்கட்கிழமை வரும் என்றும், வாகைநேரியில் ரத்தம் எடுக்கும் கடையில் இருக்கும் ஜெபக்கனி சிஸ்டரிடம் கவரை வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். திரும்பி வரும் பேருந்தில் ஆறுமுகநயினார் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையிலிருந்த டிக்கெட்டின் பின்பக்கத்தில் எதையோ எழுதி, அடித்துவிட்டார்.

முடிவு வர நான்கு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, செண்பகவல்லி இட்லிப்பொடி திரித்துக்கொண்டு மாவு மில்லிலிருந்து வரும் வழியில் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றாள், கடைக்குள் ஆதார் அட்டை நகலெடுக்க வந்த மூன்று பேர் இருக்க, கணவரைப் பார்த்து, “உங்களையெல்லாம் என்ன செஞ்சா தகும்!” என்றாள்.

சொன்ன பிறகு, தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டாள். அது என்ன செய்திக்குரிய பேச்சு என்று அவளுக்குத் தெரியும். நான்கு நாள் முன்னால் வருகிற அளவு பெரிய செய்தி அந்த வீட்டில் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

ஆறுமுகநயினார் வாயிலிருந்தும் அன்று ஒரு சொல் முன்கூட்டியே வந்தது. அது “சரி.” அதை வைத்து எந்த ஜோசியனும் எதையும் சொல்லமுடியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் வந்து, கையிலிருந்த பனையோலை விசிறியால் அவர் தோளில் சடாரென்று ஓர் அடி அடித்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் விசிறியைப் பார்த்தாள். எதற்கென்று தெரியாவிட்டாலும் தகுதியான அடியாகத்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம்.

சனிக்கிழமைதான் தெருவுக்குத் தெரிந்தது. காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்த செண்பகவல்லிக்குப் பலவேசத்தின் குடோன் முன்னால் முழங்கால் இரண்டும் கழன்றுபோயின. பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கத்தரிக்காய் உருண்டு ஓடியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது, துடைக்கத் தோன்றாமல் அப்படியே இருந்தாள். உள்ளே மனம் வெறுமையாக இருந்தது. துக்கமா, வேறு ஏதாவதா என்று தேடிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. மனத்தின் முறை இன்னும் வரவில்லை.

பலவேசம் குடோனுக்குள்ளிருந்து பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். மாலைக்குள் ஆறுமுகநயினார் வீட்டு வாசலில் பந்தல் எழுந்து, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கின.

வேறு எந்த ஊரிலும் செய்யமாட்டார்கள் இந்தத் தவற்றை. வாகைநேரிக்காரர்கள் ஒரு மாதமாகத் தலைகீழாக வாழ்ந்து, அதில் கைதேர்ந்துவிட்டார்கள் அல்லவா, அந்தத் தேர்ச்சிதான் காலை வாரியது. அழுகை வந்தால் துஷ்டி வரும் என்று கற்றிருந்தார்கள். அழுகை வேறு எதற்கும் வருமா என்று யோசிக்கும் பொறுமையை ஏற்கெனவே செலவழித்துவிட்டிருந்தார்கள்.

உலகம்மாள் பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்தாள். எதிர்வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் உமையாளுக்கு யாரோ போன் செய்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டார்கள். அவள் திரும்ப அழைத்து அரை மணி நேரம் எல்லோரையும் ஏசினாள். ஆறுமுகநயினார், மற்றவர்கள் எல்லாம் ஓடியாடிக்கொண்டிருந்ததாலும் தனக்கு மட்டும் ஒரு வேலையும் இல்லாததாலும், தன் துஷ்டிப் பந்தலின் முதல் நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

“சௌரியமா இருக்கா அண்ணாச்சி? ஃபேன் வேணுமா?” என்று கேட்டார் பலவேசம்.

“சரி,” என்றார் அவர்.

“பலவேசம், உமக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா? மனுஷன் இதா உக்காந்திருக்காவ,” என்றாள் செண்பகவல்லி வாசலுக்கு வந்து.

“மதினி, நான் என்ன வேணும்னா செய்யுதேன்? கடைசி நேரத்துல மூங்கில் இல்லைன்னு நிக்கக்கூடாது பாருங்க. தெரிஞ்சவிய வீடு.”

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பேருந்தில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து செண்பகவல்லியின் சித்தப்பா சம்பங்கி மாலையோடு வந்து இறங்கினார். மாப்பிள்ளை முதல் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத் திகைத்து, மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பந்தல்காலில் மாட்டினார். “வந்தது வந்துட்டேன். திங்கள் வரைக்கும் இருக்கேன்,” என்றார்.

அன்று மத்தியானம்தான் ஆறுமுகநயினார் முதன்முறையாகப் பயந்தார். பந்தலைப் பார்த்து அல்ல. மாலை வாடாமல் இருக்க உலகம்மாள் அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து. எழுந்து வீட்டுக்குள் போனார். ஊர் கேட்ட அத்தியாயத்தையாவது ஒழுங்காக எழுதிவைத்துவிட்டுப் போகவேண்டும் என்று நினைத்தார். எப்படி எழுதுவது என்று தெரியாததால், பழைய தொடர்களில் எங்காவது தற்செயலாகச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க, பரணிலிருந்து பைண்டு செய்த தொகுதிகளை இறக்கினார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். எங்கும் இல்லை, எல்லாப் பெண்களும் முதலில் அலறியிருந்தார்கள். இரண்டாவது தொடரின் பதினேழாம் அத்தியாயத்துக்கு வந்தபோது கை நின்றது.

திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்து மீட்கும் கட்டம். அது கற்பனை இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, திருநெல்வேலி ஆனித் தேரோட்டத்தில், “நீ தண்ணி குடிச்சிட்டு வா, நான் பிள்ளையைப் பாத்துக்கிடுதேன்” என்று சொன்ன ஆறுமுகநயினார், தேர் நகர்ந்த அழகில் மயங்கி நான்கு வயது உமையாளின் கையை விட்டுவிட்டார். இரண்டு மணி நேரம் தேடி, கடைசியில் ஒரு பலூன்காரரின் தோளில் உட்கார்ந்து அவள் சோளப்பொரி தின்றுகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதைத்தான் கதையில் எழுதியிருந்தார். வழக்கம்போல் தாய் முதலில் ஏசினாள், பிறகு கணவனை அடித்தாள், பிறகு உட்கார்ந்தாள், பிறகு குழந்தையைப் பார்த்தாள்.

அந்தப் பக்கத்தில், வரிகளுக்கு மேல், பென்சிலால் எண்கள் போடப்பட்டிருந்தன. செண்பகவல்லியின் கையெழுத்து. ‘பிள்ளையைக் கண்டது’ என்பதன்மேல் ஒன்று. அடுத்து, ‘நெஞ்சில் மூச்சு வந்தது’ என்று ஓரத்தில் அவளே எழுதி அதற்கு இரண்டு. ‘முழங்கால் கழன்று தரையில் உட்கார்ந்தாள், கண்ணீர்’ என்பதற்கு மூன்று. ‘கையிலிருந்த விசிறியால் கணவன் தோளில் அடித்தாள்’ நான்கு. ‘உங்களையெல்லாம் என்ன செஞ்சா தகும்’ ஐந்து. கீழே ஒரு வரி: ‘இப்படித்தான் நடந்தது. அடி வாங்கினவருக்கே ஞாபகம் இல்லையா?’

ஆறுமுகநயினார் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தார். பிறகு தொகுதியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

“செண்பகம், உங்கப்பா செத்த தந்தி வந்தப்போ நீ என்ன செஞ்ச?”

“இப்ப எதுக்கு அது?”

“சொல்லேன்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “என்னத்த செஞ்சேன். கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டேன். சேலையைச் சரி பண்ணினேன். எத்தனை மணி பஸ்னு கேட்டேன்.”

“அழல்லியே?”

“மூணாம் நாளுதான் அழுதேன். எண்ணெய்க் குளியல்ல. உங்களுக்குத்தான் தெரியுமே.”

“யாரையும் அடிச்சியா? ஏசினியா?”

“சாவுச் செய்தி கொண்டுவந்தவனை யாராவது அடிப்பாவளா? கேக்கிற கேள்வியைப் பாரு.”

அவர் புத்தகத்தை அவள் முன்னால் விரித்தார். அவள் தன் கையெழுத்தையே யாரோ எழுதியதைப் போல விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். ஐந்தில் விரல் நின்றது. அது வியாழக்கிழமை. நான்குக்கு ஏறியது. வெள்ளிக்கிழமை, விசிறி. மூன்று. பலவேசம் குடோன் வாசல், உருண்டோடிய கத்தரிக்காய்.

“அஞ்சு வந்தாச்சு, நாலு வந்தாச்சு, மூணும் வந்தாச்சு,” என்றார் ஆறுமுகநயினார். பதினோரு ஆண்டுகளில் அவர் தொடர்ந்து பேசிய மிக நீளமான பேச்சு அதுவாக இருக்கலாம். “கெட்ட சேதின்னா நீ நிலையைப் பிடிச்சுக்கிட்டு பஸ் டைம் கேக்கிற ஆளு. தொலைஞ்சது கிடைச்சாத்தான் நீ உக்காந்து அழுதுட்டு என்னைப் போட்டு அடிப்ப.”

செண்பகவல்லி புத்தகத்தை மூடினாள். “ரெண்டு வரட்டும். ரெண்டு வராம நான் எதையும் நம்பமாட்டேன்,” என்றாள்.

அவர் சரி என்று சொல்லவில்லை. மேசைக்குப் போய் ஐந்து துண்டுகளை எடுத்து, அவள் போட்ட எண்களின்படி முதல் துண்டிலிருந்து எழுதினார். நிர்மலா என்ற கதாநாயகி கடிதத்துக்காகக் காத்திருந்த அத்தியாயம் அது. கடிதம் வந்தது, அவள் பிரித்தாள், படித்தாள், நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்தது, சுவரில் சாய்ந்தாள், கையிலிருந்த கடிதத்தை மடித்தாள், அதற்கும் பிறகுதான் வாய் திறந்தாள். எழுதி முடித்து, போனில் படம் பிடித்து, மாலை ஆறு மணிக்கு அலுவலகத்துக்கு அனுப்பினார். புதன்கிழமை இதழில் வந்துவிடும்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பந்தலுக்குள் பூண்டு உரித்துக்கொண்டிருந்த உலகம்மாள் “அப்பாடா!” என்றாள். எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்பதரைக்குப் பலவேசம் எழுந்து பந்தலின் ஒரு முடிச்சை அவிழ்த்தார், பிறகு ஏன் அவிழ்த்தோம் என்று விழித்து, மறுபடி கட்டினார். ஒன்பதே முக்காலுக்கு எதிர்ச்சாரியில் மூன்று வீடுகளில், பிறகு டீக்கடையில், பிறகு இதுவரை இந்த வீட்டு விஷயம் காதிலேயே விழாததைப் போல இருந்த தபால் ஆபீசில்கூட, “அப்பாடா” என்ற சொல் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. நெருங்கியவர்களுக்கு முதலில், தூரத்தவர்களுக்குப் பிறகு. இதை வைத்து யார் யாருக்கு எவ்வளவு வேண்டியவர் என்று துல்லியமாக அளந்திருக்கலாம். யாரும் அளக்கவில்லை, நல்லவேளை.

செண்பகவல்லி பந்தல் ஓரத்தில் அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் நாற்காலியில் ஆறுமுகநயினார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணி ஆக ஐந்து நிமிடம் இருந்தது. அவள் கை நின்றது.

“ஏங்க.”

“என்ன?”

“ரெண்டு வந்துட்டு.”

உணர்ச்சியால் பேசுவது வேறு, உணர்ச்சியைப் பற்றித் தகவல் சொல்வது வேறு; இது இரண்டாவது வகை என்பதால் அந்தந்த நேரத்தில் வர அனுமதி உண்டு.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“மடையைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கு. நாலு மாசமா இங்கன கட்டிக்கிட்டு நின்னது பூராவும் ஓடுது.” நெஞ்சின்மேல் கையை வைத்தாள். வெண்டைக்காய்ப் பிசின் சேலையில் ஒட்டியது. “லேசா இருக்குங்க.”

சித்தப்பா அருகில் வந்து, “என்னம்மா, நெஞ்சு வலியா?” என்று பதறினார்.

“இல்ல சித்தப்பா. வலி இல்ல.”

பத்து மணிக்கு ஜெபக்கனி சிஸ்டர் கடையின் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பந்தலையும் நாற்பது நாற்காலிகளையும் பார்த்துத் திடுக்கிட்டு, கையில் கவரோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் பக்கத்து ஊர்க்காரி. காலையில்தான் பேருந்தில் வந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் நேர் வரிசையில்தான் நடந்தன.

“யாருக்கு என்ன ஆச்சு? அண்ணாச்சி, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க? கட்டி சாதாரணக் கட்டிதான். பயப்படும்படியா ஒண்ணுமே இல்லன்னு எழுதியிருக்கு. இதச் சொல்லத்தான் நானே ஓடி வந்தேன்.”

யாரும் அசையவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, அழவேண்டியதை அழுதாயிற்று, அடிக்கவேண்டியதை அடித்தாயிற்று, இறங்கவேண்டிய பாரமும் ஐந்து நிமிடத்துக்கு முன்பே இறங்கிவிட்டது. செண்பகவல்லி கவரை வாங்கினாள், பிரித்தாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், மடித்து இடுப்பில் செருகினாள், வெண்டைக்காயைத் தொடர்ந்து நறுக்கினாள். ஜெபக்கனிக்கு இந்தக் குடும்பத்தின் கல்நெஞ்சு புரியவேயில்லை.

“உக்காரு சிஸ்டர், காப்பி குடி,” என்றாள் உலகம்மாள். “நாங்க எல்லாம் சந்தோசப்பட்டு முடிச்சாச்சு.”

“அப்ப பந்தலைப் பிரிச்சிரட்டுமா அண்ணாச்சி?” என்று பலவேசம் தலையைச் சொறிந்தார்.

“இருக்கட்டும்வே. மழை வாரதுபோல இருக்கு. இத்தனை பேருக்கும் உள்ள இடம் கிடையாது,” என்றார் ஆறுமுகநயினார்.

அன்று மத்தியானம் தெருவே அந்தப் பந்தலில் சாப்பிட்டது. வெண்டைக்காய்ப் புளிக்குழம்பும் அப்பளமும். இரண்டு நாளாக அடுப்புப் பற்றவைக்காத எதிர்வீட்டார் மூன்று முறை சோறு வாங்கினார்கள். சித்தப்பா பந்தல்காலிலிருந்து மாலையை எடுத்து, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மாப்பிள்ளையின் கழுத்தில், கட்டி இல்லாத பக்கமாகப் பார்த்துப் போட்டார். “வாடிப்போகும். சம்பங்கிக்கு எதுக்குக் கட்டினதுன்னு தெரியவா போகுது, போட்டுக்கிடுங்க,” என்றார். ஆறுமுகநயினார் மாலையோடு உட்கார்ந்து ரசம் சாப்பிட்டார். ஒரு சம்பங்கி இலையில் விழுந்தது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

புதன்கிழமை காலை நூற்றுப்பத்துப் பிரதிகள் வந்தன. எட்டு மணிக்குள் ஊர் படித்துவிட்டது. டீக்கடையில் ஒருவர் ஒரு கதை சொன்னார், சொன்ன பிறகு நான்கு பேர் சிரித்தார்கள். சொன்னவர் அழுதுவிட்டார், ஒரு மாதமாக அவர் கதைக்கு யாரும் சிரித்ததில்லை. உலகம்மாள் நாயைப் பார்த்தபின் ஓடினாள். நல்ல வேகமாகவே ஓடினாள். பலவேசம் மட்டும் கொஞ்ச நாள், அழுகைச் சத்தம் கேட்டால் மூங்கிலில் கை வைத்து, பிறகு நினைவு வந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆறுமுகநயினார் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து தன் அத்தியாயத்தைத் தானே படித்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில்கூட யாரும் முன்னதாக அலறவில்லை. அதில் மனம் ஒன்றிப்போனதால், செண்பகவல்லி பக்கத்தில் காப்பியை வைத்துவிட்டுப் போனதைக் கவனிக்காமல், பக்கத்தைத் திருப்பக் கையை நீட்டினார்.

டம்ளர் சுட்டது. நெஞ்சு திக்கென்றது. உடம்பு தூக்கிப்போட்டது. கை இழுத்துக்கொண்டது, டம்ளர் கவிழ்ந்தது. அதற்கும் பிறகுதான் அவர், “ஸ்ஸ்… செண்பகம், காப்பி!” என்றார்.

சத்தம் கேட்டது, செண்பகவல்லி திரும்பினாள். காப்பி, வேட்டி, புத்தகம், கட்டிலடியில் உருண்டு நின்ற டம்ளர், எல்லாவற்றுக்கும் நடுவில் விரலை வாயில் வைத்துக்கொண்டு முழுதாக உட்கார்ந்திருந்த மனிதர், எல்லாவற்றையும் கண்டாள். கண்டதும் நெஞ்சுக்குள் மூச்சு ஒன்று இறங்கியது. கண் லேசாகக் கலங்கியது. போய் ஈரத்துணியை எடுத்துவந்து அவர் விரலில் சுற்றினாள், சுற்றிய கையாலேயே தோளில் மெதுவாக ஒன்று வைத்தாள். நான்கும் அந்தந்த இடத்தில் வந்தனவா என்று ஆறுமுகநயினார் மனத்துக்குள் எண்ணிக்கொண்டார். வந்திருந்தன. ஐந்தாவதற்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தார்.

“உங்களையெல்லாம்,” என்றாள் செண்பகவல்லி, “என்ன செஞ்சா தகும்!”